அக்காவின் கொடிக்காலை வெளியே நின்று எடுத்த படம்

சோழவந்தானுக்குப் பக்கத்தில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். அப்பா விட்டுப்போன அரை ஏக்கரை அக்காவும் நானும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். மேற்குப் பாதி என்னுடையது, கிழக்குப் பாதி அவளுடையது. அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை. வெற்றிலைதான் அவளுக்குச் சோறு.

போன வருடம் சித்திரையில் மழையோடு அடித்த காற்றில் எல்லாம் போயிற்று. கொடியைத் தாங்கும் அகத்தி மரங்கள் என் பக்கம் வரப்போரத்திலிருந்தே சாய்ந்து கிடந்தன. அக்கா பக்கம் ஓரத்து மரங்கள் பருத்தவை, நின்றுவிட்டன. உள்ளே போனால்தான் தெரியும், நடுவில் ஒரு மரம்கூட இல்லை.

அரசாங்கம் நிவாரணம் தரும் என்றார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்திருந்தால்தான் பணம். கணக்கெடுக்க ஆள் வரும் நேரத்தில் அக்காவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். "நீ நின்னு காட்டுடா. அந்தப் பணம் வந்தாத்தான் நான் மறுபடி கொடி வைக்க முடியும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வந்தவர் சின்ன வயது அலுவலர். என் பாதியை வரப்பிலிருந்தே செல்போனில் படம் எடுத்தார். அக்காவுடையதற்கு வந்ததும் உள்ளே கால் வைக்கப் போனார். காலில் ஷூ. கொடிக்கால் எங்களுக்குக் கோயில் மாதிரி, எங்களில் யாரும் செருப்போடு உள்ளே நுழைய மாட்டோம். அக்கா அதில் ரொம்பக் கறார். வெற்றிலை எடுக்க வந்த வியாபாரியையே ஒருமுறை விரட்டியிருக்கிறாள். கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்தாவதோடு நின்றவன் நான். அதிகாரிகள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போய்க் குறுக்கே நின்றேன்.

"என்னங்க?" என்றார்.

"இல்ல சார்... கால்ல..."

வரப்பில் நின்ற பக்கத்துக் கொடிக்கால்காரர் சிரித்தார். "சார், ஒங்க ஷூவப் பாத்து மாப்ள மிரண்டுட்டாப்ல. கழட்டிப் போட்டுட்டுப் போங்க."

அலுவலர் சேற்றைப் பார்த்தார். "இன்னும் எம்புட்டு இடம் இருக்கு, தெரியுமாண்ணே? இங்கேருந்தே எடுத்துக்கிறேன்."

உள்ளே எல்லாம் போய்விட்டது சார் என்று சொல்லியிருக்கலாம். தலையைத்தான் ஆட்டினேன். படத்தில் ஓரத்து மரங்கள் பச்சையாக நின்றன.

பட்டியல் ஒட்டியபோது என் பெயர் இருந்தது, அக்கா பெயர் இல்லை. அலுவலகத்துக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை, "போட்டோ ஏத்தியாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஏன்டா உள்ள விடல?"

"ஷூ போட்டிருந்தாருக்கா."

"கொடியே செத்துக் கெடக்கு. அதுல எவன் காலு பட்டா என்ன? நான் இருந்திருந்தா கையப் பிடிச்சு உள்ள இழுத்துட்டுப் போயிருப்பேன்."

தம்பி தன்னுடையதை மட்டும் காட்டிக்கொண்டான் என்று ஊரில் பேசினார்கள். நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் பக்கத்துக் கொடிக்கால்காரர். அவரும் டீக்கடையில் அதை ஒரு சிரிப்புக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பணம் என் கணக்கில் ஏறியதும் பாதியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அவள் தொடவில்லை. "ஒம் பேருக்கு வந்தது, நீயே வச்சுக்க" என்றாள். அவளுடைய பாதி தரிசாகவே கிடந்தது.

நான் அகத்தி விதைத்து, அது வளர்ந்ததும் கொடி வைத்தேன். கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்ட ஆள் வேண்டியிருந்தது. நாலு பெண்களுக்குச் சொல்லி அனுப்பினேன். ஐந்து பேர் வந்தார்கள். ஐந்தாவது ஆள் அக்கா. நாள் முழுக்க அவள் கட்டிய வரிசைப் பக்கமே நான் போகவில்லை.

சாயங்காலம் கூலி கொடுக்கும்போது அவள் கையில் மட்டும் இரட்டிப்பாக வைத்தேன். பாதியைப் பிரித்து என் சட்டைப் பையில் திணித்தாள்.

"இவளுகளுக்கு என்னவோ அதான் எனக்கும். நாளைக்கும் வாரேன்" என்றாள்.