பெண்ணைப் பெற்றவருக்கு ஒரு கச்சேரி

என் கல்யாண வரவேற்பில் அம்மாவுக்கு வயிற்றெரிச்சல் கொடுத்தது கச்சேரிச் செலவுதான். பாட வந்தவர் நாடக மேடையில் பாடியே பேர் வாங்கிய ஒரு அம்மாள். அவர் நாடகம் எந்த ஊரில் நடந்தாலும் அப்பா கடைசி வரிசையில் நின்றாவது கேட்டுவிட்டு வருவார். ஒருதரமாவது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்து அந்த அம்மாளையே பாடக் கூப்பிடுவதுதான் அதற்குச் சுலபமான வழி என்று கண்டுபிடித்தார். கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் உட்கார முடியாது என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை.

தாம்பரத்தில் மண்டபம். அந்த அம்மாள் பாட ஆரம்பித்ததும், ஜனம் எங்களோடு போட்டோ எடுக்க வரிசையில் நின்றது. போட்டோ முடிந்ததும் பந்திக்கு ஓடியது. நடுவில் அவர் மைக்கையே வாங்கி, வழியை மறித்து நின்ற வெள்ளை அம்பாசிடரை எடுக்கச் சொன்னார்கள். அவர் முகம் சுளிக்காமல் விட்ட இடத்திலிருந்து பாடினார். கச்சேரியை முழுசாகக் கேட்டது, பாட்டென்றாலே கொட்டாவி விடும் நான் ஒருத்திதான். மேடையை விட்டு எங்கே போவது?

அப்பா வாசலில் நின்று, "சாப்ட்டுட்டுத்தான் சார் போகணும்" என்று எல்லோரையும் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரே ஒருதரம் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார். உடனே, "சம்பந்தி, எங்க பஸ் டிரைவருக்கு இலை போடலையா?" என்று மாமனார் குரல் கேட்டது. எழுந்து ஓடினார்.

மங்களம் பாடி முடித்த அந்த அம்மாள் கடைசிப் பந்தியில் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். அப்பா கைகூப்பி நின்றார். எத்தனையோ வருஷமாக அவரிடம் சொல்ல வைத்திருந்ததெல்லாம் போய், "சாப்பாடு நல்லா இருக்காம்மா?" என்பதுதான் வாயில் வந்தது.

"அது இருக்கட்டும். நீங்க பாட்டு கேட்டீங்களா?"

"எங்கேம்மா கேக்க முடிஞ்சுது..." என்று அப்பா சிரித்தார்.

அந்த அம்மாள் எதிர் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க. எந்தப் பாட்டு வேணும், சொல்லுங்க."

அப்பா உட்காரப்போகும்போது கூடத்திலிருந்து மாமனார் கூப்பிட்டார்: "சம்பந்தி! காபி கேட்டு எவ்ளோ நேரமாச்சு?"

அப்பா பதறித் திரும்பினார். தோளை அழுத்தி அவரை உட்கார வைத்தேன். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, காபி டம்ளரோடு நானே போனேன். மாலையும் கழுத்துமாக நின்ற என்னைப் பார்த்து மாமனார் திகைத்துப்போனார்.

"நீ ஏம்மா? அப்பா எங்க?"

"பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கார் மாமா. இன்னும் என்ன வேணுமோ, என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.