நிமிர்ந்து நிற்காத உடுப்பு

கதவுக்குப் பின்னால் ஆணியில் கிடக்கும் அந்தக் கறுப்புத் தோல் உடுப்பைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் சட்டென்று ஓர் அடி பின்னால் வைப்பார்கள். சேலையோ சட்டையோ ஆணியில் மாட்டினால் துவண்டு தொங்கும். இது தொங்காது. முழங்கால் மடங்கி, முழங்கை முன்னால் வந்து, முதுகு கூனி, எதன்மேலோ ஏறி உட்காரப் போகிற ஆளைப் போல இருக்கும். உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என் கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி. அப்போது கோவில்பட்டியில் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தார். ஊரார் வண்டியை எல்லாம் சரிபண்ணி ஓட்டிப் பார்த்த மனுசனுக்குத் தன் வண்டியை ஒரே ஒரு நாளாவது ரேஸ் டிராக்கில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கோயம்புத்தூர்ப் பக்கம் அப்படி ஓட்டிப் பழக நாள் ஒதுக்குகிறார்களாம். "எதுத்தாப்புல லாரி வராது, குறுக்க ஆடு வராது, நம்ம ரோட்ட விட அதுதான் மதினி பத்திரம்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். தோல் உடுப்பு இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், போனில் தேடிப் பழசு ஒன்றைப் பார்சலில் வரவழைத்தார்.

பிரித்ததும் என் கண் இடது தோளில்தான் போய் நின்றது. தோளிலிருந்து முழங்கைவரை, அப்புறம் இடுப்பில், கறுப்பு உரிந்து வெளுத்துத் தேய்ந்திருந்தது.

"யாரோ விழுந்துருக்காவ" என்றேன்.

"விழுந்து எந்திரிச்சிருக்காவ. எந்திரிக்காம எப்படி மதினி விப்பாவ?"

"அவியளேதான் வித்தாவளா?"

அவர் சிரிப்பு கொஞ்சம் நின்றது. "இல்ல, அவிய அண்ணன்தான் பேசுனாவ. தம்பியப் பத்தி நானும் கேக்கல, அவியளும் சொல்லல. 'நிமுந்து நிக்க விடாது, விடவும் கூடாது'ன்னு ஒரு வார்த்தை சொன்னாவ. அம்புட்டுதான்."

நான் எட்டாவதோடு நின்றவள். கல்யாணத்துக்கு முன்னால் புதியம்புத்தூரில் ரெடிமேட் தைத்தேன், இப்போது வீட்டிலேயே மிஷின் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் வர பத்து நிமிசம் பிந்தினாலே மனசுக்குள் ஆஸ்பத்திரிவரை போய்த் திரும்பிவிடுகிற ஆள் நான். அந்த அண்ணன் சொன்ன வார்த்தை எனக்குள் புகுந்துகொண்டு வெளியே வரவே இல்லை.

வீட்டுக்குப் பின்னால், கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தி அவர் வேலை பார்த்தார். கோடையில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு நட்டு கீழே விழுந்தால் வெடிப்புக்குள் போய்விடும் என்று சாக்கு விரித்திருந்தார். முதலில் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினார். பின்னால் வருகிறவர்களைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "டிராக்குல பின்னால பாக்கக் கூடாது மதினி" என்றார். முன் விளக்கின்மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினார், உடைந்தால் சில்லு சிதறாமல் இருக்க. ரேடியேட்டரில் இருந்த பச்சைத் தண்ணீரை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றினார், சிந்தினால் அடுத்த வண்டி வழுக்காமல் இருக்க. எண்ணெய் அடைப்பானைக் கம்பியால் முறுக்கிக் கட்டினார். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறைத்தது. இவை எல்லாமே விழப்போகிறவனுக்கான ஏற்பாடு. வண்டி கண்ணைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றது.

உடுப்பைப் போட்டுக் காட்டினார். நிற்க முடியவில்லை. உள்ளேயிருந்து ஒரு கை கழுத்தைப் பிடித்து அமுக்குவது போல உடம்பு முன்னால் வளைந்தது. "கொரங்கு மாதிரி இருக்கனா?" என்று வீடு முழுக்கக் கைகளை ஆட்டிக்கொண்டு நடந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூனல் இவருடையது இல்லை, முன்னால் போட்டவருடையது, அவர் இன்னும் அதைவிட்டு இறங்கவில்லை என்றுதான் பட்டது.

"கழட்டும், நான் சரிபண்ணித் தாரேன்."

"இது இப்படித்தான் இருக்குமாம் மதினி. அந்த அண்ணன்..."

"அவிய சொன்னதத்தான் மொதல்ல மாத்தணும்."

எங்கள் தொழிலில் அளவு என்றால் ஆளை நேராக நிற்கவைத்து எடுப்பதுதான். நான் வேறு விதம் அறியேன். நிற்கவைத்து நாடா பிடித்தபோது முன்பக்கம் குட்டையாக இருந்தது, கை வளைவாக இருந்தது. வெட்டினவர் தப்பாக வெட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். செருப்புத் தைக்கிறவரிடம் தோல் ஊசியும் தடித்த நைலான் நூலும் தோல் துண்டும் வாங்கி, வயிற்றில் தையலைப் பிரித்து நாலு விரல் அகலத்துக்குத் தோல் கொடுத்தேன். முழங்கையின் உள்பக்கமும் கொடுத்து வளைவை எடுத்தேன். கொழுந்தன் நிமிர்ந்து நின்றார். "இப்பத்தான் மனுசன் மாதிரி நிக்கீரு" என்றேன். ஆணியில் மாட்டியபோது அது மற்றத் துணிகளைப் போலத் துவண்டு தொங்கியது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், உடுப்பும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, ஸ்டாண்டில் நின்ற வண்டியில் ஏறி டேங்கின்மேல் படுத்தாற்போல் குனிந்தார். நான் புறவாசலில் நின்றேன். வயிற்றுத் தோல் மூட்டையாகச் சுருண்டு, கழுத்துப் பட்டை தொண்டையில் ஏறியது. முழங்கையைக் காக்க உள்ளே வைத்திருந்த கெட்டி அட்டை நழுவி, கையின் பக்கவாட்டில் போய் நின்றது. எலும்பு இருக்கும் இடத்தில் வெறும் தோல். அந்தக் கூனல் எந்த ஆளுடையதும் இல்லை, வண்டியில் உட்காருவதற்காக வெட்டினது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் விரட்டியது பேயை இல்லை, காவலை.

"பரவால்ல மதினி, ஒரு நாள்தான" என்றார்.

"விழுததுக்கு ஒரு நாள் எதுக்கு, ஒரு நொடி போதாதா? கழட்டும்!"

கொடுத்த தோலை எல்லாம் பிரித்து எடுத்தேன். துணி, ஊசி போன ஓட்டையை மறந்துவிடும். தோல் மறக்காது. பழைய ஓட்டைகள் வரிசையாகத் திறந்தே கிடந்தன. மிஷின் சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டினேன். நான் குறி வைக்கவே வேண்டியிருக்கவில்லை. ஊசி தானாகப் போய்ப் பழைய ஓட்டையில் இறங்கியது, அடுத்ததில் இறங்கியது. என் விரல் வெறுமனே கூடப் போனது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடித்து ஆணியில் மாட்டினேன். நான் கையை எடுக்கவும் அது மெல்ல முழங்கையை மடக்கி, முதுகைக் கூனிக்கொண்டது. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, உடம்பு சிலிர்க்கவும் செய்தது.

மறுநாள் லோடு வண்டியில் பைக்கை ஏற்றிக்கொண்டு போனார். அவர் ஓட்டின அன்று என்னால் ஒரு தையல் போட முடியவில்லை. வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கு மறுநாள் தன் காலால் நடந்துதான் வீட்டுக்குள் வந்தார். பையை வாங்கி உடுப்பை விரித்தேன். பழைய தேய்ப்பின்மேலேயே புதுத் தேய்ப்பு. அதே தோள், அதே இடுப்பு. என் தையல் ஒன்றுகூட விடவில்லை.

"அதே பக்கமா விழுந்தீரு?"

"ஒரு எடது வளைவுல. கைய ஊனத்தான் பாத்தேன் மதினி. ஊனியிருந்தா மணிக்கட்டு போயிருக்கும்னு அங்கன சொன்னாவ. ஆனா கை நீளவே இல்ல." சிரித்துக்கொண்டு ஆரம்பித்தவர் சிரிக்காமல் முடித்தார். "யாரோ என் முழங்கைய மடக்கிப் பிடிச்சுக்கிட்டாவ."

இப்போது அவர் மஸ்கட்டில் இருக்கிறார். வீடியோவில் பேசும்போது குனிந்து குனிந்து சாப்பிடுவார். பைக் விலை போய்விட்டது. உடுப்பையும் விற்றுவிடச் சொன்னதால் போட்டோ எடுத்துப் போட்டோம். போன வாரம் சாத்தூரிலிருந்து ஒரு பையன் பேசினான்.

"அக்கா, எடது பக்கம் தேஞ்சிருக்கே. இதப் போட்டவரு...?"

"என் கொழுந்தன்."

"அவரு பேசலையா?"

"அவரு இங்க இல்ல தம்பி. நல்லா இருக்காரு."

"சரிக்கா" என்று மட்டும் சொன்னான். அவன் கேட்காமல் விட்டது எது என்று எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் கேட்காமல் விட்டேன். எங்களுக்கு விற்ற அந்த அண்ணனின் தம்பியும் எங்கோ வெளிநாட்டில் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். எங்களில் யாரும் கேட்கவில்லை.

கதவுப் பக்கம் திரும்பினேன். ஆணியில் அது முழங்கையை மடக்கிக் காத்திருந்தது.

"தம்பி, ஒண்ணு மட்டும் மனசுல வச்சிக்கிடுங்க" என்றேன். குரல் என்னுடையது போலவே இல்லை. "நிமுந்து நிக்க விடாது. விடவும் கூடாது."