முட்கம்பியில் கட்டிய கிடுகு

என் மூத்த பேரன் லண்டன் மற்றிக்குலேசன் சித்தியடைந்துவிட்டான். அடுத்தவன் கிளறிக்கல் சோதினை பாஸ் பண்ணிக் கொழும்பில் உத்தியோகம். பேத்தி ஆசிரிய கலாசாலைக்கு எடுபட்டுவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவள் கையெழுத்தைப் பார்த்தாலே நெஞ்சு நிறைந்துவிடும். இவ்வளவையும் செல்லாச்சி மச்சாளுக்குச் சொல்லவென்று மருதனார்மடத்தில் பஸ்ஸால் இறங்கினேன். சந்தையில் வெற்றிலைக்காரி மறித்தாள்.

“செல்லாச்சியக்கா விடிய மோசம் போட்டா. அறியேல்லையோ?”

செல்லாச்சி மச்சாள் என் கணவரின் தமக்கை. செத்தவீட்டில் சிலர், “பாவம், அமைதியான மனுசி” என்றார்கள். அதைக் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெண்களுக்கும் வாக்கு வந்த புதிதில், வெள்ளைக்காரன் தந்தது அரைகுறைச் சுதந்திரம், தேர்தலே வேண்டாம் என்று கதர் உடுத்த பெடியள் கூட்டம் வைத்தார்கள். மச்சாள் எழும்பினார்.

“தம்பியவை, வாக்கு எனக்கு இப்பதான் வந்தது. போடாமல் விடுறதெண்டாலும் என்னைக் கேட்டெல்லோ விடவேணும்?”

பெடியள் சிரித்தார்கள். மச்சாள் உட்காரவில்லை. கடைசியில், வாக்கை விடுவமோ என்று அவரையும் கேட்டார்கள்.

“ஓம், விடுவம்” என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பிறகு யுத்தம் வந்தது. பிளேன் இறக்க இடம் வேண்டுமென்று வெள்ளைக்காரப் பட்டாளத்தார் காணிகளை எடுத்தார்கள். யுத்தம் முடியத் தருவோம் என்றது வாய்ப்பேச்சு. மச்சாளின் புகையிலைத் தோட்டம் முழுதும் முட்கம்பிக்குள் போயிற்று. வருசா வருசம் வேலியைப் புதிதாக அடைக்காமல் விட்டால் காணி உரிமையே கைமாறிவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் உள்ள பயம். வேலியடைப்புக் காலம் வந்ததும் மச்சாள் பின்னிய தென்னோலைக் கிடுகுக் கட்டோடு போய், அவர்களுடைய கம்பியிலேயே கட்டத் தொடங்கினார். நான் கிடுகு எடுத்துக் கொடுத்தேன். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வெள்ளைக்காரத் துரையோடு ஓடி வந்தார்.

“செல்லாச்சி, என்ன விசர் வேலை? துவக்கு வைச்சிருக்கிறாங்கள், சுட்டுப்போடுவாங்கள்!”

“துவக்கு அவையின்ரை. கம்பியும் அவையின்ரை. வேலி என்ரை. துரைக்குச் சொல்லும்.”

விதானையார் என்ன சொன்னாரோ, துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அடுத்த நாள் கிடுகெல்லாம் பிடுங்கி எறிந்து கிடந்தது. மச்சாள் திரும்பக் கட்டினார். ஒரு வருசமும் தவறவில்லை.

யுத்தம் முடிந்துவிட்டது. கம்பி இன்னும் நிற்கிறது.

“நான் செத்தாப்போலை விட்டிடாதையும். அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறாங்கள்” என்று போன மாதமும் என்னிடம் சொன்னார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வேலிதான். இந்த வருசம் அதை நான் அடைப்பேன், விதானையாருக்கும் சொல்லிவிட்டேன்.

அறிந்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். செத்தவீட்டில் வைத்த படத்தில் மச்சாள் தலை குனிந்து இருக்கிறார். அது அவரில்லை. நிமிர்ந்து பார்க்கிற வேறு படம் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து தபாலில் போடுங்கோ.