சூளைக்குப் போகாத கை

சொர்ணாம்பாளுக்கு நாற்பத்திரண்டு வயது. விருத்தாசலத்தில் ஒரு சிறிய பீங்கான் பட்டறையில், ஒருமுறை சுட்டெடுத்த தட்டுகளைக் கிளேஸில், அதாவது பளபளப்புப் பூச்சுக் குழம்பில், முக்குவது அவள் வேலை. முக்குவதற்கு முன் தினமும் ஒரே ஒரு தட்டின் முதுகில் பென்சிலால் ஒரு கை வரைவாள். விரல்களிலிருந்து கிளைகள் பிரியும். மணிக்கட்டிலிருந்து வேர் இறங்கும். இரண்டாவது சூட்டில் பென்சில் கோடு எரிந்துவிடும். தட்டு வெள்ளையாக வெளியே வரும்.

அது அவள் கணவர் தங்கதுரையின் கை. அதே பட்டறையில் மண் பிசையும் மெஷினில் நிற்பவர். மேல்வாயில் போடும் மண்ணை உள்ளே சுழலும் இரும்புத் தகடுகள் இழுத்துக்கொள்ளும். வாய்க்கு இருந்த கம்பித் தடுப்பில் மண் அடைக்கிறது என்று போன வருடம் அவரே கழற்றிப் போட்டார். கட்டையால் தள்ளினால் நேரமாகிறதாம், உள்ளங்கையாலேயே அழுத்துவார்.

பயத்தை வரைந்து சூளைக்குள் அனுப்பினால் அது அங்கேயே எரிந்துபோகும் என்பது சொர்ணாம்பாளின் நம்பிக்கை.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, பக்கத்துத் தெருவுக்குத் திரும்பியிருந்த, அவளோடு சிறுவயதிலிருந்து பழகிய எனக்கு இது தெரியாது. பட்டறையில் அவள் தட்டில் வரைவதைப் பார்த்து, என் நோட்டிலும் அப்படி ஒரு கை வரையச் சொன்னேன். தயங்கினாள். நான் விடவில்லை. வேரிலிருந்து ஆரம்பித்தாள். மணிக்கட்டுக்கு மேலே பென்சில் போகவில்லை. வெட்டிய அடிமரம் போல ஒரு கை, சுற்றிலும் புல்.

"இத எந்தச் சூளையில போடுவ மதி?" என்றாள். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

கிழித்துவிடலாம் என்றேன். கேட்காமல் கணவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். தங்கதுரை சிரித்தார்.

"ஏ சொர்ணம், வெரலு போட மறந்துட்ட பாரு."

ஈர மண்ணை அப்பி, படத்தை மெஷின் மேலேயே ஒட்டிவைத்தார். தடுப்பை மாட்டச் சொல்லி அவள் முதலாளியிடமும் போய் நின்றாள். இந்த லோடு போகட்டும், பார்க்கலாம் என்றாராம்.

மறுநாளிலிருந்து அவள் கிளேஸ் தொட்டிப் பக்கம் போகவில்லை. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெஷின் சுவிட்சுக்கு அருகில் நிற்கிறாள். இன்று நான்காவது நாள். நான் கிட்டே போனதும், "பேச்சுக் குடுக்காத," என்றாள், முகத்தைத் திருப்பாமல். தங்கதுரையின் கை மண்ணோடு உள்ளே இறங்கும்போதெல்லாம் சுவிட்சின் மேல் அவள் விரல் இறுகி வெளுத்தது.

மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. மெஷினை நிறுத்த மாலை ஆறாகும்.