கடைசி பெஞ்சில் கணக்கு டீச்சர்

கணக்கு டீச்சர் வேலையில் ஒரு பெரிய சௌகரியம், விடையெல்லாம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களிலேயே இருக்கும். எம்.எஸ்சி. கணக்குப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் அட்டைதான் வருகிறது. வேலைக்கும் போய்க்கொண்டு படிப்பிலும் மாட்டிக்கொண்ட என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

புத்தலப்பட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேயே இன்டர், அதாவது பதினொன்றும் பன்னிரண்டும், தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். எம்.எஸ்சி. முடித்தால் அந்த வகுப்பு எனக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து யாராவது வருவார்கள். நான் வளர்த்த பிள்ளைகளுக்கு வேறு யாரோ பாடம் எடுப்பதா? மனசு ஒப்பவில்லை. தபால் வழியில் எம்.எஸ்சி. சேர்ந்து, வகுப்புக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

வாசல் தண்டனை

வகுப்பில் உட்கார்ந்திருந்த எல்லோருமே ஹைஸ்கூல் டீச்சர்கள். எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு போனது கடைசி பெஞ்சுக்கு. எனக்குப் பக்கத்தில் புத்தூர் முனிரத்தினம் சார். அவர் பள்ளியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வராண்டா காலியாகிவிடுமாம். இங்கே பெஞ்சுக்குக் கீழே போனை வைத்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடம் எடுத்த மேடத்துக்கு எங்களைவிட வயது குறைவு. பார்த்துவிட்டார். "ஏமண்டி சார், உங்க ஸ்கூல்ல ஒரு பையன் இப்படிப் பண்ணா இன்னா செய்வீங்க?" என்று கேட்டார். முனிரத்தினம் சார் போனை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். "வாசல்ல நிக்க வெப்பேன் மேடம். நிழல் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா போய் நின்னுக்குவேன்."

பூஜ்யத்தைவிடப் பெரியது

ரியல் அனாலிசிஸ் என்று ஒரு பேப்பர். நமக்குத் தெரிந்ததையெல்லாம் தெரியாது என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். பண்டிகைக்கு நகரியில் அம்மா வீட்டுக்குப் போனபோதும் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டும் நான் எழுந்திருக்கவில்லை என்று பவர்லூமை நிறுத்திவிட்டு நைனா, எங்கள் அப்பா, வந்தார். அப்படி என்னதான் படிக்கிறாய் என்று கேட்டார். ஒன்று என்பது பூஜ்யத்தைவிடப் பெரியது என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது தெரியாமயா இத்தினி வருசமா பசங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுத்துக்கினு இருந்த? வா, வந்து சோறு துன்னு."

நானே திருத்திய தாள்

முதல் தடவை அந்தப் பேப்பரில் கோட்டைவிட்டேன். பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது.

அடுத்த பரீட்சைக்கு முன்னால் மேடம் ஒரு டெஸ்ட் வைத்தார். பக்கத்துக்கு மார்ஜின் போட்டு, "கொடுக்கப்பட்டது", "நிரூபிக்க வேண்டியது" என்று தலைப்புக் கொடுத்து, விடையைக் கட்டம் கட்டினேன். அத்தோடு விட்டேனா? பழக்க தோஷத்தில் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் பக்கத்தில் ஒரு டிக், ஒரு மார்க், கீழே கூட்டிப்போட்டு இனிஷியலும் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனால் எப்சிலான் என்ற அளவைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குத் தோதான டெல்டா என்ற இன்னோர் அளவைத் தேடுவதுதான் முறை. நான் டெல்டாவை முதலிலேயே முடிவு பண்ணியிருந்தேன், அளவெடுக்காமல் ஜாக்கெட் தைத்த மாதிரி. மேடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "டோட்டல் கரெக்டா போட்டிருக்கீங்க மேடம். ப்ரூஃப்தான் எங்கயும் இல்ல."

அடிஷனல் ஷீட்

திரும்பப் பரீட்சை. இதுவும் போனால் இன்டர் வகுப்பும் போச்சு. முன் பெஞ்சில் முனிரத்தினம் சார். பின்னாலிருந்து யாரோ "சார், அடிஷனல்!" என்று கூப்பிட, அவர் எழுதுவதை அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோய் மேஜையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும் வழியில் இரண்டு பேரை "திரும்பாதே" என்று அதட்டவும் செய்தார்.

மேற்பார்வைக்கு வந்திருந்த இளைஞர் ஓடி வந்தார். "சார், உங்க கால்ல வேணா விழறேன், உக்காந்து எழுதுங்க. அதட்டற வேலைய நான் பாத்துக்கிறேன்."

ரெண்டு வருசம்

பாஸ். ஏதோ தொட்டும் தொடாமலும் பாஸ். ரிசல்ட் பார்த்து பஸ்ஸிலேயே அழுதேன். பக்கத்து சீட்டு அம்மாள் துக்க வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இன்டர் வகுப்பு கிடைத்தது. முன் பெஞ்சில் என்னிடம் பத்தாவது படித்த அதே பெண்கள். போர்டில் எப்சிலான், டெல்டா எழுதி விளக்கிவிட்டு, வழக்கம் போல "புரிஞ்சுதா?" என்றேன். என் பழைய மாணவி லாவண்யா கை தூக்கினாள். "உங்களுக்கு எப்ப மேடம் புரிஞ்சுது?" முன்பானால் வாசலைக் காட்டியிருப்பேன். இப்போது பொய் சொல்ல வாய் வரவில்லை, ரெண்டு வருசம் ஆச்சும்மா என்றேன். வகுப்பே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. "அப்ப எங்கள இன்னிக்கே கேட்டுக்கினு இருக்காதீங்க மேடம், இன்னும் டைம் கீது" என்றாள் லாவண்யா.

புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதைக் கற்றுக்கொண்டதற்காக, எனக்கு முதுகலைப் பட்டமே கொடுத்திருக்கிறார்கள்.