பக்கத்து இருக்கைக்கு ஒரு டிஷ்யூ பாக்கெட்

என் கைக்கடிகாரம் என்னை அதட்டும். மகள் வாங்கிக் கட்டிவிட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எழுந்து நட என்று மணிக்கட்டில் உறுமும். நடந்தால் வாணவேடிக்கை காட்டும். ஒரு நாள் தேக்கா மார்க்கெட்டில் மீன்கடை முன்னால் நிற்கும்போது, மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள் என்றது. நெத்திலிக்கும் கணவாய்க்கும் நடுவில் நின்றுகொண்டு யார் மூச்சை ஆழமாக இழுப்பார்கள்? கழற்றிக் கைப்பையில் போட்டேன். இன்றுவரை அது அங்கேதான் கிடக்கிறது.

என் கணவர் போன பிறகுதான் இந்தத் தொந்தரவெல்லாம் ஆரம்பித்தது. அப்பா போன மாதிரி அம்மாவும் திடீரென்று போய்விடுவாளோ என்று மகளுக்குப் பயம். தினமும் காலையில் வாட்சாப்பில் ஓர் அறிவுரை வரும். நீண்ட நாள் வாழச் சர்க்கரையை விடு, மனம் அமைதியாக இருக்கக் கண்ணை மூடு, எதற்கும் கவலைப்படாதே. அனுப்புகிறவள்தான் எனக்கு இருக்கும் ஒரே கவலை என்பது அவளுக்குத் தெரியாது.

நான் இருப்பது தேக்காவை ஒட்டிய அடுக்குமாடி வீட்டில். மின்தூக்கியில் இறங்கினால் சந்தையும் உணவங்காடியும் காலடியில். நானும் அவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலைப் பசியாறல் அங்கேதான். எங்களுக்குள் வேலைப் பங்கீடு உண்டு. அவர் தே, அதாவது டீ, வாங்க வரிசையில் நிற்பார். நான் இடம் பிடிப்பேன். இந்த ஊரில் இடம் பிடிக்க ஆள் உட்கார வேண்டியதில்லை. மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால் போதும், எப்பேர்ப்பட்ட கூட்டத்திலும் யாரும் அதைத் தொடமாட்டார்கள். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வைத்துவிட்டு நான் தோசை வாங்கப் போவேன்.

காரியமெல்லாம் முடிந்து முதல் தடவை தனியாக அங்கே போன காலையில், பழக்கத்தில் கை இரண்டு பாக்கெட்டை வைத்துவிட்டது. பார்த்ததும் ஒன்றை எடுக்கப் போனேன். ஆனால் எடுக்கவில்லை. எடுத்தால் அன்றைக்கு அந்தத் தோசை உள்ளே இறங்கியிருக்காது. அப்படியே சில வாரம் போனது. யாராவது தட்டோடு வந்து கேட்டால் ஆள் வருகிறது என்பேன். அவர்கள் போய்விடுவார்கள். நான் அந்தக் காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

அதைக் கெடுத்தவர் துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஓர் ஆள். காதோரம் நரைத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பாக்கெட்டுகளை வைத்துவிட்டுத் தோசைக் கடைப் பக்கம் நடந்தால், பின்னால் ஒரே ஓட்டமாக ஓடிவருகிறார்.

"அம்மா! அம்மா! இதை மேசையிலயே விட்டுட்டு வந்துட்டீங்க!"

இரண்டு பாக்கெட்டையும் பத்திரமாகக் கையில் ஏந்திக்கொண்டு மூச்சிரைக்க நிற்கிறார். ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது போல. எனக்கு முதலில் கோபம் வந்தது. நாங்கள் திரும்புவதற்குள் மேசையை வேறு ஒரு குடும்பம் பிடித்துவிட்டது. பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் போன பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். விஷயத்தை விளக்கிச் சொன்னேன்.

"அட, நம்ம ஊர் பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போடுற மாதிரியா?"

"அதேதான். இங்க துண்டுக்குப் பதிலா டிஷ்யூ."

"அய்யோ, அப்போ உங்க துண்டை நானே எடுத்துட்டு வந்துட்டேனே! சார் எங்கம்மா உக்காருவாரு?"

சார் இல்லை என்றேன். அவர் பதறி மன்னிப்புக் கேட்பதற்குள், வேறு மேசை தேடுங்கள், இரண்டு பேரும் உட்காரலாம் என்றேன். உட்கார்ந்தோம். தொழிலாளர் விடுதியில் பொட்டலத்தைப் பிரித்துக் கட்டிலில் வைத்துச் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பழகிவிட்டது, எதிரில் ஒரு முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டு நாளாகிறது என்றார். எனக்கும் அப்படித்தான் என்றேன்.

அன்றிலிருந்து அந்தப் பாக்கெட்டுக்கு வேலை மாறியது. தட்டைத் தூக்கிக்கொண்டு தனியாக இடம் தேடி அலைகிறவர் யாரோ, அவருக்கு அந்த இருக்கை. ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்து வரும் தாதிப் பெண், தமிழே தெரியாமல் வடையை மட்டும் 'வடே' என்று கேட்டு வாங்கும் சீனப் பெரியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் துவாஸ்காரர். பெயர் கேட்பதில்லை. வயிறு நிறையும், வாயும் நிறையும். எனக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

என் நாத்தனார் மீன் வாங்க வந்தவள் ஒரு நாள் என்னைப் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் ஆள் வருவதற்கு முன்னால், காலி இருக்கையும் பாக்கெட்டுமாக நான் உட்கார்ந்திருந்த நேரம். வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், அண்ணி செத்தவருக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று கண், காது, மூக்கு வைத்து என் மகளிடம் சொல்லிவிட்டாள்.

மகள் ஓடிவந்தாள். "அம்மா, திஸ் இஸ் நாட் நார்மல் லா. டாக்டரைப் பாத்துருவோம்."

போனோம். சின்ன வயது டாக்டர், தன்மையானவர். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். அடுத்து என்னைப் பார்த்து, பக்கத்து இருக்கை யாருக்கு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள், "அப்பாவுக்கு" என்றாள்.

காலமெல்லாம் பாலர் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். ஒரு பிள்ளையிடம் கேட்ட கேள்விக்குப் பக்கத்துப் பிள்ளை பதில் சொன்னால் விடவே மாட்டேன். அங்கேயும் விடவில்லை.

"அவர் செத்துட்டாரு டாக்டர். மண்டாயில எரிச்சதும் தெரியும், சாம்பலைக் கடல்ல கரைச்சதும் தெரியும். அந்த இருக்கை வர்றவங்களுக்கு."

டாக்டர் சிரித்தார், தலையாட்டினார். மகளுக்குத்தான் சமாதானம் ஆகவில்லை. தெரியாத ஆட்களோடு எதற்குச் சாப்பிட வேண்டும், தனியாக இருப்பதால்தானே இப்படி, வீட்டை விற்றுவிட்டுப் புங்கோலில் என் வீட்டுக்கு வந்துவிடு, உனக்கு அறை தயார் என்றாள். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மாட்டேன் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அறையைக் காட்டியாவது மனத்தை மாற்றலாம் என்று என்னை அழைத்துப்போகத் தேக்காவுக்கே வந்துவிட்டாள். கூட்டம் நெரிந்தது. எங்கள் மேசையில் ஓர் இடம்கூடக் காலி இல்லை. என் பக்கத்தில் துவாஸ்காரர் பாதிச் சாப்பாட்டில் இருந்தார். மகள் கையில் தட்டோடு நின்றாள். அவர் சட்டென்று எழுந்தார்.

"நீங்க உக்காருங்க தம்பி," என்றேன். "சாப்பாட்டுல பாதியில எழுந்திரிக்கக் கூடாது. அவளுக்கு இடம் வேணும்னா அவளும் கொஞ்சம் சுத்தட்டும்."

பெற்ற மகளை நிற்க வைத்தேன். வேண்டுமென்றுதான் வைத்தேன். தட்டோடு நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரிய வேண்டாமா? அவர் அள்ளிப்போட்டுக்கொண்டு கிளம்பிய பிறகு அவள் உட்கார்ந்தாள்.

"யாரும்மா அவரு?"

"தெரியாது. பேர் கேட்டதில்ல."

"ஸ்ட்ரேஞ்சர்மா!"

"உங்கப்பாவும் முதல்ல எனக்கு ஸ்ட்ரேஞ்சர்தான்."

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். நான் பேசினேன். "உன் வீட்டுல எல்லா வசதியும் இருக்கு. காலையில நீயும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிட்டா, எனக்கு எதிர்ல யாரு உக்காருவா? அந்த வாட்ச்சா? அப்பா இல்லைங்கறது காலையில கண்ணு முழிக்கிறப்பவே தெரியுது. ரொம்ப வலிக்குது. வலிக்குதுன்னு வீட்டுக்குள்ள உக்காந்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்றியா? எத்தனை நாளு இருப்பேனோ, அத்தனை நாளும் நான் இங்க வந்துதான் பசியாறுவேன்."

அவள் அழுதாள். நானும்தான். தட்டை அவளே கொண்டுபோய் வைத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். அதன் பிறகு வாட்சாப்பில் அறிவுரையும் வரவில்லை. அதட்டினாலாவது தேவலை என்று இருந்தது. ஆனாலும் நான் பணியவில்லை. காலையில் இறங்குவேன், பாக்கெட்டை வைப்பேன், வருகிறவரோடு சாப்பிடுவேன்.

ஒரு புதன்கிழமை இறங்கிப் போனால் என் மேசையை யாரோ பிடித்திருந்தார்கள். டிஷ்யூ பாக்கெட்டுகள். யாரடா அது என்று சண்டைக்குத் தயாராகத் திரும்பினேன். தே கடை வரிசையில், என் கணவர் நிற்கும் இடத்தில், அலுவலக உடுப்போடு என் மகள் நின்றுகொண்டிருந்தாள். மறுபடி மேசையைப் பார்த்தேன். பாக்கெட்டுகள் மூன்று இருந்தன.

தே கொண்டுவந்தாள். கோசோங். சர்க்கரை துளியும் இல்லை. ஒரு வாய் குடித்தேன், எழுந்துபோய் இனிப்பாக வேறு வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் முறைத்தாள். நான் குடித்தேன்.

அப்போது தட்டோடு ஒரு பெண் எங்கள் மேசையோரம் தயங்கி நின்றாள். மூன்றாவது பாக்கெட்டைப் பார்த்துவிட்டு என் மகளிடம், "யாராவது வர்றாங்களா?" என்று கேட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். கேள்வி அவளுக்கு. நான் தேயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் பாக்கெட்டை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, இருக்கையைக் கையால் துடைத்தாள்.

"இல்ல, உங்களுக்குத்தான் பிடிச்சு வெச்சிருக்கோம். உக்காருங்க," என்றாள்.