பொங்காத மாவு

வகுப்பில் பேசியதற்காக வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் பலர் இருந்தார்கள். பேசாததற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் நான் ஒருத்திதான். ஒன்றாம் வகுப்பு முழுவதும் பள்ளிக்கூடத்தில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. 'உள்ளேன்' என்பதற்குக்கூடக் கையைத்தான் தூக்கினேன். வீட்டுக்கு வந்துவிட்டால் அம்மாவுக்குக் காது வலிக்கும் வரை பேசுவேன். ஆனால் வாசல் மணி அடித்தால் போதும், வாய் தானாக மூடிக்கொள்ளும்.

லோதி ரோட்டில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் ஒன்றில் இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. என்னைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுவது என்று அம்மா முடிவு செய்தபோது அப்பா மறுப்புச் சொல்லவில்லை. ஆபீஸில் யாரிடமும் சொல்லவும் இல்லை. வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பதென்றால் நானும் அம்மாவும் மட்டும்தான் என்று நினைத்து மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. எங்கிருந்தோ விசாரித்து, பள்ளிக்குப் போகாத வேறு மூன்று பிள்ளைகளை அம்மா பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். பக்கத்து பிளாக்கில் இருந்த அண்ணன் தம்பி இருவர். லாஜ்பத் நகரிலிருந்து தன் அப்பாவின் ஸ்கூட்டரில் வரும் ஒரு பெண், என் வயது. செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு எங்கள் முன்னறை அவர்களுக்குச் சொந்தமாகிவிடும்.

புத்தகமே கிடையாது. பார்க்கில் மரங்களைக் கட்டிப்பிடித்து, எது பெரியது என்று கயிற்றால் அளந்தோம். உப்பு, மணல், எண்ணெய் எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு எது காணாமல் போகிறது என்று பார்த்தோம். எல்லாவற்றிலும் என் கை இருந்தது. குரல் மட்டும் இல்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அம்மாவின் காதில் தமிழில் ஊதுவேன். அவள் அதைத் தன் ஹிந்தியில் சபைக்குச் சொல்வாள்.

அந்த ஹிந்தியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து எட்டு வருஷமாகியும் அம்மாவுக்குக் காய்கறிக்காரரைத் தாண்டி ஹிந்தி போகவில்லை. வகுப்புக்கு முந்தின நாள், அப்பா ஆபீஸிலிருந்து கொண்டுவரும் பழைய தாள்களின் பின்பக்கத்தில், மறுநாள் பேச வேண்டிய ஹிந்தி வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வாள். அப்பா திருத்திக் கொடுப்பார். எல்லா அம்மாக்களுக்கும் வீட்டுப்பாடம் உண்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அது ஜனவரி மாதம். டெல்லி குளிரில் இட்லி மாவு பொங்குவதற்குள் அம்மாவுக்கு உயிர் போய்விடும். அதையே பாடமாக்கினாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய உளுந்தையும் அரிசியையும் ஊறவைத்து அரைத்து, ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் நால்வர் கையாலும் கலக்க வைத்தாள். மாவை மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் பாதி பாதி ஊற்றி, மாவு நிற்கும் மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டினோம். ஒன்று பால்கனிக்கு. ஒன்று சமையலறை அலமாரிக்கு. மூன்றாவதை வெந்நீர் பாட்டிலோடு அட்டைப்பெட்டியில் வைத்து, பஞ்சு அடைத்த ரஜாய்ப் போர்வையால் சுற்றினோம். மறுநாள் காலை எல்லோரும் வந்து எது ரப்பர் பேண்டைத் தாண்டியிருக்கிறது என்று பார்ப்பதாக ஏற்பாடு.

அந்தப் பெண்ணின் அப்பாவும் மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தார். ஏப்ரலில் மகளைப் பள்ளியில் சேர்த்துவிடலாமா என்ற யோசனை அவருக்கு. அம்மா அன்று சாயங்காலம் இரண்டு தாள் எழுதினாள்.

அவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது நான் ரஜாயைப் பிரித்தேன். நாளைக்கு நான்கு பேர் சேர்ந்து பார்க்கப்போவதை இன்றைக்கே நான் மட்டும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான். மாவு அசையக்கூட இல்லை. பாட்டிலை என் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்து, காலிப் பெட்டிமேல் ரஜாயைப் பழையபடி சுற்றிவிட்டேன். அவ்வப்போது குனிந்து பார்த்தேன். அப்படியே தூங்கிப்போனேன். காலையில் அம்மா பல் தேய்க்கிற நேரத்தில் பாட்டில் பெட்டிக்குள் திரும்பிப் போனது. ஐஸ் மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு எல்லோரும் கூடினார்கள். அந்தப் பெண்ணின் அப்பா ஷூவைக் கழற்றாமல் கதவோரம் நின்றார். பால்கனி பாட்டில் அப்படியே இருந்தது. அலமாரி பாட்டிலும் அப்படியே. அம்மா முகத்தில் சிரிப்போடு ரஜாயைப் பிரித்தாள். மூன்றாவதும் அப்படியே இருந்தது.

"ஜாதூ நஹீ ஹுவா, ஆன்ட்டி" என்றான் தம்பிக்காரன். மந்திரம் பலிக்கவில்லையாம்.

அம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொங்கிய மாவுக்குத்தான் அவள் வாக்கியங்கள் எழுதி வைத்திருந்தாள். பொங்காத மாவுக்கு அவளிடம் ஹிந்தி இல்லை. "ஹோனா சாஹியே தா", ஆகியிருக்க வேண்டும் என்று ஆரம்பித்து, அதற்குமேல் வராமல் நின்றாள். காதெல்லாம் சிவந்துவிட்டது. அந்த மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே, "பரவாயில்லை ஜீ. சலோ பேட்டா" என்று மகளைக் கூப்பிட்டார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காதில் சொல்லியிருப்பேன்.

"மைனே நிகாலா தா" என்றேன்.

நான்தான் எடுத்தேன். ஹிந்தியில், ஐந்து பேர் முன்னால், சத்தமாக. என் குரல் எனக்கே யாரோ பேசியதுபோல இருந்தது.

"யே போல்தீ ஹை?" என்று அந்தப் பெண் தன் அப்பாவிடம் கேட்டாள். இவள் பேசுவாளா?

அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, என்னிடம் எப்போதும் பேசும் தமிழை விட்டுவிட்டு, ஹிந்தியில் கேட்டாள். எப்போது எடுத்தாய்? எங்கே வைத்தாய்? எவ்வளவு நேரம்? திரும்பவும் எங்கே வைத்தாய்? ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். என் ஹிந்தி அவளுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது.

கட்டிலுக்கு அடியில் எவ்வளவு குளிர் என்று பார்க்க நாங்கள் நால்வரும் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போய்த் தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தோம். அண்ணன்காரன் கிடுகிடுவென்று நடுங்கிக் காட்டினான். அந்தப் பெண்ணின் அப்பாவும் கடைசியில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து, முழங்கால் போட்டு, உள்ளங்கையால் தரையைத் தொட்டுப் பார்த்தார். "டண்டா ஹை", சில்லென்றுதான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். பிறகு மூன்றாவது பாட்டிலை மறுபடியும் பெட்டியில் வைத்தபோது, மகள் சொன்னபடி தன் கழுத்திலிருந்த மஃப்ளரையும் கழற்றி அதற்குச் சுற்றிவிட்டு ஆபீஸுக்குப் போனார்.

ஏப்ரலில் அவர் மகளைப் பள்ளியில் சேர்க்கத்தான் செய்தார். எங்கள் கூட்டம் இன்னும் இரண்டு வருஷம், வேறு வேறு பிள்ளைகளோடு, நடந்தது. பிறகு நானும் பள்ளிக்குத் திரும்பினேன். இன்று குருகிராமில் நாள் முழுவதும் போனில் பேசுவதுதான் என் வேலை. சில நாள் புதியவர்கள் நிறைந்த அறையில் வாயைத் திறப்பதற்கு முன், முதல் வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அப்போதெல்லாம் அந்த எட்டு வருஷமும் அம்மா எவ்வளவு பயந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். பயந்தாங்கொள்ளி நான் ஒருத்திதான் என்று நம்பும்படி அவள் என்னை வளர்த்துவிட்டாள். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

மாவு பொங்காத அன்று, எல்லோரும் போன பிறகு அம்மா சமையலறைக்குப் போய் ஊரிலிருந்த பெரியம்மாவுக்குப் போன் போட்டாள். நான் கதவோரம் நின்று கேட்டேன். "அக்கா" என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. அதற்குப் பிறகு அவள் அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, வெகுநேரம் அழுதாள். ஒரு பாட்டில் மாவு பொங்காததற்கு இவ்வளவு அழ வேண்டுமா என்று எனக்கு வருத்தமாக இருந்தது. தப்பு என்னுடையது அல்லவா? கிட்டே போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அழாதம்மா. நாளைக்குப் பொங்கிரும்லா."

"பொங்கிரும்ட்டி" என்றாள் அம்மா.